ஓஎஸ் மூத்ததா, மெஷின் மூத்ததா?

ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டம்) இன்ஸ்டால் ஆகவில்லை என்று யாராவது வாட்ஸப்பில் கேட்டால் கூடவே ஒரு ஃபோட்டோ வரும். திரையில் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்து, பாதி எழுத்து தெரியாமல், கீழே "இது ஏன் வருது?" என்று ஒரு வரி. அந்த எர்ரர் மெசேஜைப் படிப்பதற்கு முன்பே நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விதான். மெஷின் எந்த வருஷத்தது? நீங்கள் போடப் பார்க்கும் ஓஎஸ் எந்த வருஷத்தது?

கேட்டவருக்கு எரிச்சலாக இருக்கும். அவர் பதில் கேட்டார், நான் ஜாதகம் கேட்கிறேன். ஆனால் இந்த இரண்டில் எது மூத்தது என்று தெரிந்துவிட்டால் கோளாறு எந்தப் பக்கம் இருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஓஎஸ் மூத்தது, மெஷின் இளையது என்றால் காணாமல் போயிருப்பது ஒரு டிரைவர், அதாவது அந்த வன்பொருளோடு பேச ஓஎஸ்ஸுக்குத் தேவையான சின்ன மென்பொருள்: டிஸ்க் தெரியாது, பென்டிரைவ் தெரியாது, மவுஸ் அசையாது. மெஷின் மூத்தது, ஓஎஸ் இளையது என்றால் சிபியுவிலோ பயாஸிலோ (ஆன் செய்ததும் ஓஎஸ்ஸுக்கு முன் ஓடுகிற, போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஓஎஸ் எதிர்பார்க்கிற ஏதோ ஒன்று பிறவியிலேயே இல்லை, அதற்கு டிரைவர் தேடி அலைவதில் அர்த்தமே கிடையாது. வர்ச்சுவல் மெஷினில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் போலி கம்ப்யூட்டர்) மட்டும் ஒரு வேடிக்கை, மெஷினின் வயதை நாமே செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கிறோம், பாதி நேரம் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாமலேயே.

முதல் வகைக்கு விண்டோஸ் எக்ஸ்பியை மிஞ்ச ஆளில்லை. எக்ஸ்பி வந்தது 2001-இல். சாட்டா கேபிளில் மாட்டும் டிஸ்க்கோடு ஏஹெச்சிஐ என்ற முறையில் பேசுவதற்கான விதிமுறையே 2004-இல்தான் வந்தது, அப்புறம் எப்படி எக்ஸ்பி சிடிக்குள் அதற்கு டிரைவர் இருக்கும்? அதனால் கொஞ்சம் பிந்திய மெஷினில் எக்ஸ்பி சிடியைப் போட்டால், நீலத் திரையில் வரிசையாக ஃபைல்களை லோடு செய்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று கைவிரிக்கும், இல்லையென்றால் 7பி என்று முடிகிற ஸ்டாப் எர்ரரோடு செத்துவிழும். டிஸ்க் போய்விட்டது என்று பயந்து புது டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு. ஆரம்பத்தில் எஃப்6 அழுத்தினால் டிரைவரைக் கொடுக்கலாம் என்று எக்ஸ்பி ஒரு வழி வைத்திருக்கிறது, ஆனால் அது டிரைவரை எதிர்பார்ப்பது ஃப்ளாப்பியில். ஃப்ளாப்பி டிரைவுக்கு எங்கே போவது. பயாஸுக்குள் போய் சாட்டா மோடு என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்றிருப்பதை ஐடிஇ என்று, அதாவது எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய முறைக்கு, மாற்றினால் வேலை முடிந்தது, அதே டிஸ்க் அதே கேபிளில் எக்ஸ்பிக்குக் கண்ணில் பட்டுவிடும். சில பயாஸில் ஐடிஇ என்று இருக்காது, கம்பாட்டிபிள் என்றோ லெகசி என்றோ இருக்கும், எல்லாம் ஒன்றுதான்.

விண்டோஸ் 7 இன்னும் விசித்திரம். 2009-இல் வந்த அதற்கு ஏஹெச்சிஐ தெரியும், யூஎஸ்பி 3.0 தெரியாது. நீல நிறப் போர்ட்டில் பென்டிரைவைச் செருகி பூட் செய்தால் பயாஸ் அதை அழகாகப் படித்து செட்டப்பை ஆரம்பித்துவைக்கும். விண்டோஸ் தன் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிய அடுத்த நொடி அந்தப் போர்ட் அதற்குத் தெரியாது, உடனே சிடி/டிவிடி டிரைவுக்கான டிரைவர் காணவில்லை என்று ஒரு பெட்டி வரும். மெஷினில் டிவிடி டிரைவே இருக்காது! அது கேட்பது தன்னையே சுமந்துகொண்டிருக்கும் பென்டிரைவை. கறுப்பு நிற 2.0 போர்ட் ஒன்று இருந்தால் அதில் மாற்றிச் செருகினால் போதும். 2015-இல் ஸ்கைலேக் வந்தபோது இன்டெல் அந்தப் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையே சிப்செட்டிலிருந்து எடுத்துவிட்டதால், அதற்குப் பிந்திய போர்டுகளில் இந்தத் தந்திரமும் எடுபடாது, போர்ட் கறுப்பாக இருந்தாலும் பின்னால் இருப்பது 3.0 கன்ட்ரோலர்தான். அங்கே செட்டப் திரை வரும், கீபோர்டு மவுஸ் இரண்டும் செத்துக் கிடக்கும். பின்பக்கத்தில் ஊதாவும் பச்சையுமாக வட்டப் போர்ட் இருக்கும் டெஸ்க்டாப் என்றால் பழைய பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றைத் தேடிச் செருகி உள்ளே நுழைந்துவிடலாம், லேப்டாப் என்றால் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே (இன்ஸ்டால் சிடியின் ஃபைல் வடிவம்) யூஎஸ்பி 3.0 டிரைவரைக் கோர்த்துத்தான் ஆகவேண்டும். என்விஎம்இ என்ற புதுவகை எஸ்எஸ்டி டிஸ்க்கும் இதே கதை, விண்டோஸ் 8.1-லிருந்துதான் அது உள்ளேயே வருகிறது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் 7 போடுகிறார்கள் என்று கேட்கலாம். சரி, இன்றைய லேப்டாப்புக்கு வருவோம். இன்டெல் பதினோராம் தலைமுறைக்குப் பிந்திய லேப்டாப் ஒன்றில் விண்டோஸ் பென்டிரைவைச் செருகி, எல்லாம் ஒழுங்காகப் போய், எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கும். கடையிலிருந்து வந்த விண்டோஸ் அதே மெஷினில் நேற்றுவரை ஓடியிருக்கும், அதனால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இன்டெல் விஎம்டி என்ற ஒரு அடுக்கு சிபியுவுக்கும் என்விஎம்இ டிஸ்க்குக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கான டிரைவர் மைக்ரோசாஃப்ட் தரும் ஐஎஸ்ஓவில் இல்லாததால் வரும் வினை. எக்ஸ்பிக்கு ஏஹெச்சிஐ என்னவோ அதுதான் இதற்கு விஎம்டி. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்து, லோட் டிரைவர் பட்டனை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். பயாஸில் விஎம்டியையே அணைத்துவிடுவதும் ஒரு வழி, ஆனால் சில லேப்டாப்பில் அந்த ஆப்ஷன் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால்தான் தலைகாட்டும்.

அணைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம். ஏற்கெனவே உள்ள விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுகிறீர்கள் என்றால், விஎம்டியையோ, பயாஸில் உள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பையோ தொட்ட மறு பூட்டில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நிற்கலாம். தான் பிட்லாக்கர் போட்டதே இல்லை என்று சத்தியம் செய்வார்கள், விண்டோஸே செட்டப்பின்போது போட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று வேறு ஃபோனில் பார்த்து எழுதிவைத்துக்கொண்டுதான் பயாஸைத் தொடவேண்டும். கீ இல்லை, பேக்கப்பும் இல்லை என்றால் டேட்டா போனது போனதுதான்.

இனி மறுபக்கம், மெஷின் மூத்தது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிந்ததும் ஊரில் உள்ள பழைய டெஸ்க்டாப் எல்லாம் திடீரென்று என் பக்கம் திரும்பின. பெரும்பாலும் கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், அதில் விண்டோஸ் 11 போடலாமா என்ற கேள்வி. யூட்யூபில் டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்) இல்லாமல் போடுவது எப்படி என்று பார்த்திருப்பார்கள். அது உண்மைதான், செட்டப் திரையில் ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி ரெஜிஸ்ட்ரியில் லேப்கான்ஃபிக் என்ற கீயை உருவாக்கி டிபிஎம், செக்யூர் பூட், ரேம் பரிசோதனைகளைத் தாண்டலாம், ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென்டிரைவை எழுதும்போதே டிக் அடித்தால் இந்தத் தலைவலிகூட இல்லை. ஆனால் அது வாட்ச்மேனை ஏமாற்றி கேட்டைத் தாண்டுவது மட்டும்தான். 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸின் மையமான கெர்னலே எஸ்எஸ்இ 4.2-ஐயும் பாப்கவுண்ட் என்ற சிபியு கட்டளையையும் பயன்படுத்துகிறது. இன்டெலில் இவை வந்தது 2008 கடைசியில் வந்த முதல் கோர் ஐ7-லிருந்துதான். கோர் 2 டுவோவில் அந்தக் கட்டளை சிலிக்கானிலேயே கிடையாது, ரெஜிஸ்ட்ரியில் எதை எழுதினாலும் முளைக்காது. லோகோ வரும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி லோகோ. கேட்டைத் தாண்டுவது வேறு, உள்ளே குடியிருப்பது வேறு என்று இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

சரி, லினக்ஸ் போடலாம் என்றால் அங்கேயும் வயது கேட்கும். கோர் 2 டுவோ 64 பிட், அதனால் பிரச்சினை இல்லை. 2008-ஐ ஒட்டி குட்டியாக ஒரு லேப்டாப் வந்ததே, நெட்புக் என்று, அதில் பலவற்றில் இருந்த ஆட்டம் என்270 வெறும் 32 பிட். உபுண்டு டெஸ்க்டாப் 2017-லேயே 32 பிட் ஐஎஸ்ஓவை நிறுத்திவிட்டது. டெபியன் ரொம்பக் காலம் தாக்குப்பிடித்தது, அதுவும் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லிருந்து 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் தருவதில்லை. டெபியன் 12-தான் கடைசி, அதுவும் பிடிக்காவிட்டால் ஆன்டிஎக்ஸ். 64 பிட் ஐஎஸ்ஓவை அதில் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு செய்தி: இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியு வேண்டும், இங்கே இருப்பது ஐ686, அதாவது 32 பிட். நாகரிகமான, நேர்மையான எர்ரர். இதே செய்தி இன்னோர் இடத்திலும் வரும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதைவிடக் குழப்பமான பிறவியும் உண்டு. 2013-14 வாக்கில் வந்த ஆட்டம் டேப்லெட்டுகள், மலிவு லேப்டாப்புகள் சிலவற்றில் சிபியு 64 பிட், ஆனால் பயாஸின் புது வாரிசான யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். 64 பிட் பென்டிரைவைச் செருகினால் பூட் மெனுவில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த ஃபர்ம்வேர் தேடுவது பூட்ஐஏ32 என்ற ஃபைலை, பென்டிரைவில் இருப்பது பூட்எக்ஸ்64. பென்டிரைவை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு ஃபைலும் உள்ள ஐஎஸ்ஓவாகப் பார்த்து எடுத்தால் தீர்ந்தது.

பழைய பயாஸில் பென்டிரைவ் பூட் ஆகாததற்கு என் அனுபவத்தில் மிகச் சாதாரணமான காரணம், தேடுகிற இடம் தப்பு. ரிமூவபிள் டிவைஸ் என்ற பட்டியலில் தேடுவார்கள், அங்கே இருக்காது. அந்தக் காலத்து பயாஸ் பல பென்டிரைவை ஹார்ட் டிஸ்க் வகையாகவே பார்க்கும், அதனால் ஹார்ட் டிஸ்க் பூட் ப்ரையாரிட்டி என்று தனியாக ஒரு உள்பட்டியல் இருக்கும், அதற்குள் போய் உண்மையான டிஸ்க்கைக் கீழே தள்ளிப் பென்டிரைவை மேலே கொண்டுவரவேண்டும், அதுவும் பென்டிரைவைச் செருகிய பிறகு ஆன் செய்திருந்தால்தான் பெயரே வரும். ரூஃபஸில் எழுதும்போது ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்ற புது மெஷின் தேர்வுகளை விட்டிருந்தால் இந்த மெஷினுக்கு அது வெறும் பிளாஸ்டிக். எம்பிஆர், பயாஸ் என்று மாற்றி எழுதவேண்டும்.

அப்புறம் அந்தச் சின்ன வட்ட பேட்டரி. சிஆர்2032. பழைய மெஷினில் ஓஎஸ் போட உட்காருவதற்கு முன் இதை மாற்றிவிடுங்கள், நூறு ரூபாய்க் கணக்கில்கூட வராது. இது செத்திருந்தால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி போர்டு தயாரான காலத்துக்கே போய்விடும், பயாஸில் மெனக்கெட்டு மாற்றிய சாட்டா மோடும் பூட் வரிசையும் பழையபடி ஆகிவிடும். பிரச்சினை பயாஸோடு நிற்காது. டெபியனோ உபுண்டுவோ பாதி இன்ஸ்டால் ஆனதும் இணையத்திலிருந்து பேக்கேஜ் எடுக்கப் போகும், அங்கே ரிலீஸ் ஃபைல் (பேக்கேஜ் பட்டியலுக்கான கையெழுத்திட்ட ஃபைல்) இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஒரு எர்ரர் வரும். படிப்பவர் சர்வரைச் சந்தேகிப்பார், நெட்டைச் சந்தேகிப்பார், மிரரை, அதாவது பேக்கேஜ் எடுக்கும் சர்வரை, மாற்றிப் பார்ப்பார். மெஷின் 2009-இல் இருக்கிறது, ரிலீஸ் ஃபைல் நேற்று கையெழுத்தானது, அதன் பார்வையில் இது எதிர்காலத்திலிருந்து வந்த கடிதம். எல்லா இணையதளமும் சான்றிதழ் தப்பு என்று சொல்ல ஆரம்பிப்பதும் இதனால்தான். மூலையில் உள்ள கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது, ஒரு தடவை 40 சதவீதத்தில், இன்னொரு தடவை 70-இல், ஒரு முறை லினக்ஸில் ஸ்குவாஷ்எஃப்எஸ் எர்ரர், மறுமுறை விண்டோஸில் 80070570 என்றால், வயதுக் கணக்கை ஓரமாக வையுங்கள். ஒரே இடத்தில் நின்றால் மென்பொருளைச் சந்தேகப்படலாம், இடம் மாறி மாறி நின்றால் ரேமோ பென்டிரைவோதான். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, க்ளிக் என்று இரண்டு பக்கமும் பூட்டும்வரை அழுத்தி மாட்டுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் ஆதிகால வைத்தியம், பாதிக்குப் பாதி பலிக்கும். பலிக்காவிட்டால் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓடவிட்டு விட்டுத் தூங்கப் போகலாம். பென்டிரைவில் 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி வைத்திருக்கும் சரக்கும் சந்தையில் இருக்கிறது, எழுதும்போது ஒன்றும் சொல்லாது, படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஐஎஸ்ஓவின் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் டவுன்லோடு மேல் சந்தேகமாவது தீரும்.

லினக்ஸில் கிரப் என்ற பூட் மெனு வந்து, அதற்கப்புறம் கறுப்புத் திரை என்றால் ரேமைத் தேய்க்காதீர்கள், அது கிராஃபிக்ஸ். மெனுவில் இ எழுத்தை அழுத்தினால் சில வரிகள் திறக்கும், லினக்ஸ் என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசிக்குப் போய் ஒரு இடம் விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 அழுத்தினால் திரை மங்கலாகவாவது வரும். இன்ஸ்டால் முடிக்க அது போதும்.

இப்போது வர்ச்சுவல் மெஷின். சிவகாசியில் பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ். பல வருஷ வேலை முழுக்க பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைலில், யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களில், ஒரு எக்ஸ்பி மெஷினில். அந்த போர்டு போய்விட்டது, டிஸ்க் நல்லபடி இருந்தது. அவர் பையன் விவரமானவன், டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜாக எடுத்து, வர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளின் விபாக்ஸ்மேனேஜில் கன்வர்ட்ஃப்ரம்ரா கட்டளையால் அதன் டிஸ்க்காக மாற்றி வைத்திருந்தான். அதுவரை எல்லாம் சரி. ஃபோனில் அண்ணாச்சி.

"தம்பி, எக்ஸ்பி லோகோ வருது, அந்தக் கோடு ரெண்டு தடவ ஓடுது, நீலமா என்னமோ மின்னுது, மறுபடியும் மொதல்லருந்து வருது."

"அண்ணாச்சி, டிஸ்க்க சாட்டாவுல மாட்டியிருக்கா, ஐடிஇயிலயான்னு தம்பிகிட்ட கேளுங்க."

"லேப்டாப் போன மாசம் வாங்குனது தம்பி. அதுல எப்படி ஐடிஇ இருக்கும்?"

அருமையான கேள்வி. லேப்டாப் போன மாசத்தது, ஆனால் வர்ச்சுவல்பாக்ஸ் எக்ஸ்பிக்குக் காட்டும் மெஷின் அந்த லேப்டாப் கிடையாது. சிப்செட் என்ற இடத்தில் வழக்கமாக இருப்பது பிக்ஸ்3, அதாவது இன்டெல் 1996-இல் போட்ட போர்டின் வார்ப்பு. கியூஇஎம்யு என்ற இன்னொரு வர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் பிசி வகை மெஷினும் அதே காலத்து 440எஃப்எக்ஸ்தான். இந்த வருஷத்து லேப்டாப்புக்குள் முப்பது வயதுப் போர்டு உட்கார்ந்திருக்கிறது, பழைய ஓஎஸ் எதுவும் சிணுங்காமல் ஏறுவதற்காகவே. எக்ஸ்பி என்று வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் ஐடிஇ தானாக வந்திருக்கும். பையன் வேகம் கிடைக்கும் என்று சாட்டாவில் மாட்டியிருந்தான், அதாவது போர்டை மட்டும் பத்து வருஷம் இளமையாக்கியிருந்தான். ஐடிஇக்கு மாற்றினால் பெரும்பாலான எக்ஸ்பி எழுந்துவிடும். இது எழவில்லை. பழைய போர்டு இன்டெல் சிப்செட் இல்லை, வியா என்ற வேறு கம்பெனியுடையது. அந்த எக்ஸ்பிக்கு அதன் ஐடிஇ மட்டும்தான் பழக்கம், இன்டெல் ஐடிஇ என்று ஒன்று இருப்பது அதன் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகவில்லை. பழைய மெஷின் உயிரோடு இருந்திருந்தால் மெர்ஜ்ஐடிஇ என்ற சின்னப் பதிவை முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம்.

மிச்சமிருந்த வழி ரிப்பேர் இன்ஸ்டால். எக்ஸ்பி சிடியின் ஐஎஸ்ஓவை மாட்டி பூட் செய்தால் முதல் திரையிலேயே ரிப்பேர் செய்ய ஆர் அழுத்து என்று வரும். அதை அழுத்தக் கூடாது, அது ரெகவரி கன்சோல் என்ற கறுப்புத் திரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். புதிதாகப் போடப் போகிறவர் மாதிரி என்டர் அழுத்தி, எஃப்8-இல் ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினால், செட்டப் ஏற்கெனவே உள்ள விண்டோஸைக் கண்டுபிடித்து மறுபடி ஆர் கேட்கும். அழுத்தவேண்டியது இந்த இரண்டாவது ஆர். அப்போது எக்ஸ்பி தன்னையே மறுபடி நிறுவிக்கொண்டு வன்பொருளைப் புதிதாக அடையாளம் காணும், பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் இருந்த இடத்தில் இருக்கும். இந்த இரண்டாவது ஆர் வராமல் நேராகப் பார்ட்டிஷன் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், சிடி வேறு பதிப்பாக இருக்கலாம். எதற்கும் டிஸ்க் இமேஜின் ஒரு நகலில்தான் இந்த விளையாட்டெல்லாம்.

நெட்வொர்க் கார்டை அந்த வர்ச்சுவல் மெஷினிலிருந்தே நான் கழற்றச் சொன்னேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு எல்லாம் முடிந்தது, அதற்கு இன்டர்நெட் எதற்கு? ஃபைலை உள்ளே கொண்டுபோக ஐஎஸ்ஓவாகச் சுற்றி சிடி மாதிரி மாட்டினால் போகிறது. வெளியே எடுக்கப் பென்டிரைவ், ஆனால் செட்டிங்ஸில் யூஎஸ்பி 3.0 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ்பி அதைக் கண்டுகொள்ளாது, 1.1 அல்லது 2.0. பேரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற உரிமப் பூட்டைச் செருகினால்தான் ஓடும் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது, இன்றைய லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே இல்லை.

முன்னால் சொன்ன ஐ686 செய்திக்கு வருகிறேன். ஐ5, ஐ7 போட்ட புது லேப்டாப்பில், வர்ச்சுவல்பாக்ஸுக்குள், உபுண்டு ஐஎஸ்ஓ அதே செய்தியைச் சொல்லும்: இங்கே இருப்பது 32 பிட் சிபியு. நெட்புக் சொன்னால் நம்பலாம், இது சொன்னால் எப்படி நம்புவது? வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் லினக்ஸ் 32 பிட் என்று விட்டிருந்தால் வரும், அது சுலபம். அந்தப் பட்டியலில் 64 பிட்டே இல்லை என்றால் பயாஸில் விடி-எக்ஸ் (வர்ச்சுவல் மெஷின் ஓட சிபியு தரும் உதவி) அணைந்திருக்கிறது என்று பொருள். ஏஎம்டி மெஷினில் அதன் பெயர் எஸ்விஎம், பெரும்பாலும் சிபியு செட்டிங்ஸுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். பழைய வர்ச்சுவல்பாக்ஸ் விடி-எக்ஸ் இல்லாமலும் 32 பிட் ஓஎஸ்ஸை ஒப்பேற்றும், 2019 கடைசியில் வந்த 6.1-லிருந்து அந்தச் சலுகை கிடையாது.

விடி-எக்ஸ் ஆன்தான், ஆனாலும் இன்ஸ்டால் ஆமை வேகம் என்றால் வர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் வரிசையைப் பாருங்கள், நிஜமாகவே ஒரு பச்சை ஆமை உட்கார்ந்திருக்கும். விண்டோஸின் சொந்த வர்ச்சுவல் மெஷின் அடுக்கான ஹைப்பர்-வி ஏற்கெனவே விடி-எக்ஸைப் பிடித்துவைத்துக்கொண்டு, வர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோள்மேல் ஏறி ஓடுகிறது என்பதற்கு அடையாளம். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யுஎஸ்எல்2, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கர், கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி, இதில் எது வேண்டுமானாலும் ஹைப்பர்-வியை எழுப்பியிருக்கலாம். பிசிடிஎடிட் கட்டளையில் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப்பை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்தால் ஆமை போய்விடும், கூடவே டபிள்யுஎஸ்எல்2-உம் போய்விடும். தினமும் டாக்கர் வைத்து வேலை செய்பவர் வர்ச்சுவல்பாக்ஸோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் ஹைப்பர்-வியிலேயே மெஷினைப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி.

லினக்ஸின் சொந்த வர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் வைத்திருப்பவர்களுக்கு வரும் கேள்வி வேறு. விண்டோஸ் இன்ஸ்டாலர் டிஸ்க் பட்டியலைக் காலியாகக் காட்டுகிறது. வெர்ட்ஐஓ டிஸ்க் கொடுத்திருப்பார்கள், அது நிஜ உலகில் எந்த போர்டிலும் இல்லாத, வர்ச்சுவல் மெஷினுக்கென்றே பிறந்த டிஸ்க், விண்டோஸ் ஐஎஸ்ஓவில் அதற்கு டிரைவர் கிடையாது. வெர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, லோட் டிரைவர், வியோஸ்டார் ஃபோல்டர், அதற்குள் விண்டோஸ் பதிப்புக்குத் தகுந்த உள்ஃபோல்டர். விஎம்டி லேப்டாப்பில் அழுத்திய அதே பட்டன்தான் இது.

விண்டோஸ் 11-ஐ வர்ச்சுவல் மெஷினில் போடுபவர்கள் எதிர்த் திசையில் போகவேண்டும், அந்த 1996 போர்டை இளமையாக்க வேண்டும்: இஎஃப்ஐ ஆன், டிபிஎம் 2.0, இரண்டு கோர், 4 ஜிபி ரேம், 64 ஜிபிக்குக் குறையாத டிஸ்க். வர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முந்தியது என்றால் டிபிஎம்மே இல்லை, முதலில் அதை அப்டேட் செய்யுங்கள். விண்டோஸ் 98 ஆசைப்படுபவர்கள் இதற்கு நேரெதிர். தாராளமாக 2 ஜிபி ரேம் கொடுத்தால் அது மூச்சுத்திணறிப் பூட் ஆகாமல் நிற்கும், 512-க்கு மேல் அதற்கு ஜீரணமாகாது, 256 எம்பி போதும்.

கடைசியாக, எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி மொழி தேர்ந்தெடுக்கும் முதல் திரையே வருகிறது, இன்ஸ்டால் ஆகவே இல்லை என்று சொல்பவர்களுக்கு: ஆகிவிட்டது. ஐஎஸ்ஓ இன்னும் மாட்டியபடி இருக்கிறது, நிஜ மெஷின் என்றால் பென்டிரைவ். எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.